வங்கி ஏலத்துக்கு வரும் வீடு: தரகரிடம் எதைக் கேட்பது, எதைக் கொடுக்காமல் இருப்பது

நாளிதழின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் வரும் 'அசையாச் சொத்து விற்பனை அறிவிப்பு' விளம்பரத்தை வீடு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். அதை வரி விடாமல் படிப்பவர் தரகர். பெண்ணாடம், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கம் ஒரு வீடோ மனையோ கடையோ கடனுக்காக ஏலத்துக்கு வந்தால், இரண்டொரு நாளில் அந்தச் செய்தி தரகர் வாய் வழியாகவே ஊருக்குள் பரவும். "வங்கி ஏலத்துல ஒரு வீடு வருது, வெளி விலையைவிடக் கம்மி, பாக்குறீங்களா?" என்ற அழைப்பு உங்களுக்கும் வரலாம்.

அந்த அழைப்பை எடுத்த எடுப்பில் ஒதுக்கவும் வேண்டாம், அப்படியே நம்பவும் வேண்டாம். இந்த வியாபாரத்தில் தரகரின் இடம் எது, அவரிடம் என்ன கேட்கலாம், உறவை எப்படி வளர்ப்பது, எந்த இடத்தில் கோடு போடுவது என்பதைப் பார்ப்போம்.

விற்பவர் யார்?

அமெரிக்காவில் கடன் கட்டாத வீட்டை வங்கி கைப்பற்றி, ஏலத்தில் போகாவிட்டால், அதை வீட்டு முகவர் ஒருவரிடம் விற்கக் கொடுத்துவிடும். 2008 நெருக்கடிக்குப் பிறகு அங்கே இந்த வேலையை மட்டுமே செய்யும் முகவர்கள் பெருகினார்கள். வாங்குபவர் அந்த முகவரைத்தான் பிடிக்க வேண்டும். அந்த நாட்டைப் பற்றிய காணொளிகளைப் பார்த்துவிட்டு நம் ஊரிலும் அப்படித்தான் என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள்.

இங்கே அப்படி இல்லை. நம் நாட்டில் இந்த விற்பனை நடப்பது 2002-ல் வந்த சர்ஃபேசி சட்டத்தின்படி. நீதிமன்றத்துக்குப் போகாமலே, அடமானச் சொத்தை எடுத்து விற்கும் அதிகாரத்தை இந்தச் சட்டம் வங்கிக்கும் வீட்டுக்கடன் நிறுவனத்துக்கும் தருகிறது. விற்பவர் வங்கியின் 'அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி'. பொதுத்துறை வங்கி என்றால் அவர் தலைமை மேலாளர் நிலைக்குக் குறையாதவராக இருக்க வேண்டும். அறிவிப்பில் கையெழுத்து அவருடையது, பணம் போவது வங்கிக் கணக்குக்கு, விற்பனைச் சான்றிதழ் தருவதும் அவரே. இந்தச் சங்கிலியில் தரகருக்கென்று சட்டம் ஒரு கண்ணியும் வைக்கவில்லை.

ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-ல் வந்தது. பதிவுபெற்ற மனைப்பிரிவுகளிலும் அடுக்குமாடித் திட்டங்களிலும் விற்பனைக்கு உதவும் முகவர்கள் அந்தச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். பெண்ணாடத்தில் ஒரு பழைய ஓட்டு வீடு வங்கி ஏலத்துக்கு வரும்போது அதைக் காட்டும் ஊர்த் தரகருக்கு அப்படி ஒரு பதிவு இருக்காது. அது குற்றமும் இல்லை. ஆனால் அவர் சொன்னது பொய்த்தால் நீங்கள் போய் முறையிட ஓர் அலுவலகமும் இல்லை. இதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலம் வரும் வழி

தரகர் எந்தக் கட்டத்தில் உங்களிடம் வந்திருக்கிறார் என்று தெரிய, சர்ஃபேசி சட்டத்தின் படிகள் தெரிந்திருக்க வேண்டும்.

தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையானால் அந்தக் கடன் வாராக்கடன் ஆகிறது. வங்கி 13(2) பிரிவின்படி நோட்டீஸ் அனுப்பி 60 நாள் அவகாசம் தருகிறது. கடனாளி ஆட்சேபம் எழுதினால் 15 நாளுக்குள் வங்கி பதில் சொல்ல வேண்டும். அறுபது நாள் கடந்தும் பணம் வராவிட்டால் 13(4)-ன்படி சொத்தைச் சுவாதீனம் எடுக்கிறது. பெரும்பாலும் முதலில் எடுப்பது குறியீட்டுச் சுவாதீனம்தான்: கதவில் நோட்டீஸ் ஒட்டி, இரண்டு நாளிதழ்களில் விளம்பரம் செய்வார்கள். வீட்டில் குடியிருப்பவர் அங்கேயே இருப்பார். ஆளை வெளியேற்றி நேரடிச் சுவாதீனம் எடுக்க, 14-ம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியரிடமோ தலைமைக் குற்றவியல் நீதித்துறை நடுவரிடமோ வங்கி மனுப்போட வேண்டும்.

அதன்பின் மதிப்பீட்டாளரை வைத்து விலை கணித்து, குறைந்தபட்ச விலையை நிர்ணயித்து, விற்பனை அறிவிப்பு வரும். முதல் ஏலத்துக்கு 30 நாள் இடைவெளி வேண்டும். அது போகாமல் மறுபடி வைத்தால் 15 நாள் போதும். வங்கியின் நடவடிக்கை தவறு என்று கருதினால் கடனாளி 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். தமிழ்நாட்டில் இவை சென்னை, கோயம்புத்தூர், மதுரை ஆகிய ஊர்களில் உள்ளன.

விளம்பரம் நாளிதழோடு நிற்பதில்லை. பொதுத்துறை வங்கிகள் ஏலச் சொத்துகளைப் 'பேங்க்நெட்' என்ற இணையதளத்தில் பட்டியலிடுகின்றன. 2025 ஜனவரியில் புதிய வடிவில் வந்த இந்தத் தளத்தில் மாவட்டம் வாரியாகத் தேடலாம். கடலூர் மாவட்டம் என்று போட்டால் என்னென்ன இருக்கிறது என்று தரகர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும். தனியார் வங்கிகளும் வீட்டுக்கடன் நிறுவனங்களும் தங்கள் சொந்தத் தளங்களில் பட்டியல் வெளியிடுகின்றன. ஆகவே "இது ரகசியத் தகவல், வெளியில யாருக்கும் தெரியாது" என்று ஒருவர் சொன்னால், அவர் விற்பது ஊருக்கே அச்சடித்துக் கொடுத்த செய்தியை.

பிறகு தரகர் எதற்கு?

காகிதத்தில் இல்லாத விஷயங்களுக்காக.

வில்லங்கச் சான்றைத் தமிழ்நாடு பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே எடுக்கலாம். பட்டா, அ-பதிவேடு, புலப்படம் ஆகியவையும் அரசின் நிலப்பதிவு இணையதளத்தில் கிடைக்கும். ஆனால் அந்த வீட்டில் பங்கு கேட்கும் இரண்டு சகோதரிகள் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பது வில்லங்கச் சான்றில் வராது. பதிவாகாத வாய்மொழிப் பாகப்பிரிவினை, பக்கத்து மனைக்காரரோடு சுவர்த் தகராறு, வண்டி போக வழியே இல்லாத சந்து, மழைக்காலத்தில் வெள்ளாற்றுப் பக்கத்திலிருந்து தண்ணீர் ஏறும் தாழ்வான மனை, வாடகைக்கு இருப்பவர் போட்டு வைத்திருக்கும் போக்கியப் பத்திரம், இதெல்லாம் ஊரில் நாற்பது வருடமாக மனை காட்டி வரும் ஒருவருக்கு வாய்ப்பாடம்.

விலையும் அப்படித்தான். வங்கி நிர்ணயிக்கும் குறைந்தபட்ச விலை மதிப்பீட்டாளரின் அறிக்கையிலிருந்து வருவது. அதே தெருவில் போன மாதம் உண்மையில் எவ்வளவுக்குக் கைமாறியது என்பது பத்திரத்தில்கூடச் சரியாக இருக்காது. நடுவில் நின்றவருக்குத்தான் தெரியும். ஏலத்தில் எந்த எல்லைவரை ஏறலாம் என்று முடிவெடுக்க இந்தத் தகவல் தேவை.

மூன்றாவது, காலம். இதே சொத்து முன்பு இரண்டு முறை ஏலத்துக்கு வந்து யாரும் எடுக்கவில்லை என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். சில நேரம் விலை அதிகம் என்பது மட்டுமே காரணம். மறு ஏலத்தில் வங்கி விலையைக் குறைக்கும். சில நேரம் ஊரே ஒதுங்கிப் போகும் அளவுக்கு வழக்கு இருக்கும். எது என்று சொல்லக்கூடியவரே நல்ல தரகர்.

ஒரே பெயரில் பல ஆட்கள்

'தரகர்' என்று நாம் ஒரே சொல்லில் சொன்னாலும், வங்கி ஏலத்தைச் சுற்றி நிற்பவர்கள் பல வகை. யார் யாருக்கு வேலை செய்கிறார் என்று பிரித்தறிவதே பாதிப் பாதுகாப்பு.

ஊர்த் தரகருக்கு மண்ணும் மனிதர்களும் தெரியும், சட்டம் அவ்வளவாகத் தெரியாது. கடலூர், விழுப்புரம், சென்னையிலிருந்து வாட்ஸ்அப் குழு வழியாக ஏலப் பட்டியல் அனுப்புபவர்களுக்கு இணைய ஏல நடைமுறை கைவந்த கலை. ஆனால் சொத்தை அவர்கள் நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். பத்திர எழுத்தருக்கு எந்தப் பத்திரத்தில் எந்த ஓட்டை என்று தெரியும்; பலர் தரகும் பார்க்கிறார்கள். வங்கி நியமித்த வசூல் முகமை ஆட்கள் சொத்தைச் சுற்றிக் காட்டுவார்கள், சாவி வைத்திருப்பார்கள். அவர்கள் வங்கிக்காக வேலை செய்பவர்கள். சொத்து சீக்கிரம் போக வேண்டும் என்பதே அவர்கள் கவலை. வங்கியின் பேனல் வழக்கறிஞரும் அப்படியே. அவர் கொடுத்த சட்டக் கருத்து வங்கி கடன் கொடுக்கும்போது எழுதப்பட்டது. நீங்கள் வாங்குவதற்கு உங்கள் பணத்தில், உங்களுக்காக ஒரு வழக்கறிஞர் தனியாகப் பார்க்க வேண்டும்.

பெண்ணாடத்தில் வாங்க நினைப்பவருக்கு ஓர் ஊர்த் தரகர், ஏல நடைமுறை தெரிந்த ஒருவர், சொந்த வழக்கறிஞர் ஒருவர் என்று மூன்று பேர் அறிமுகமாக இருந்தால் போதும். பத்துத் தரகரிடம் சொல்லி வைத்தால் பத்துப் பேரும் உங்களைப் பொழுதுபோக்குக்குக் கேட்பவர் என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

உறவு எப்படி வளரும்?

தரகருக்கு நாள் முழுக்க "இருந்தா சொல்லுங்கண்ணே" என்று சொல்பவர்கள் வருவார்கள். அவர்களில் யார் உண்மையில் வாங்குவார் என்று அவருக்குத் தெரியாது. நீங்கள் வாங்குபவர் என்பதை முதல் சந்திப்பிலேயே காட்டிவிட்டால், நல்ல சொத்து வரும்போது முதல் அழைப்பு உங்களுக்கு வரும்.

அதற்கு நான்கு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லுங்கள். எந்தப் பகுதி: ரயில் நிலையம் பக்கமா, கடைத்தெருவா, விருத்தாசலம் சாலையா. என்ன வகை: குடியிருக்கும் வீடா, காலி மனையா, கடையா. எவ்வளவு: உச்சவரம்பு என்ன, அதில் கையில் இருப்பது எவ்வளவு, கடனாக வர வேண்டியது எவ்வளவு. எதெல்லாம் வேண்டாம்: ஆள் குடியிருக்கும் சொத்து வேண்டாமா, வழக்கு உள்ளது வேண்டாமா. இந்த நான்கும் தெரிந்த தரகர் உங்களை வீணாக அலைக்கழிக்க மாட்டார்.

காட்டுவதாகச் சொன்ன நாளில் போய்ப் பாருங்கள். பிடிக்காவிட்டால் காரணத்தோடு சொல்லுங்கள். "யோசிச்சுச் சொல்றேன்" என்று விட்டுவிட்டு போனை எடுக்காமல் இருப்பது உறவைக் கெடுக்கும் வேலை. "வழி பத்தடிதான் இருக்கு, கார் திரும்பாது, அதனால வேண்டாம்" என்றால் அடுத்த முறை அவர் வழியைப் பார்த்துவிட்டே அழைப்பார். ஒருவர் காட்டிய சொத்தை இன்னொருவர் வழியாகக் குறைந்த கமிஷனில் முடிக்கப் பார்ப்பது சிறு ஊரில் ஒரு வாரம்கூட மறையாது. அதன்பின் எந்தத் தரகரும் உங்களுக்கு வாய் திறக்க மாட்டார்.

நீங்களும் அவருக்குப் பயன்பட வேண்டும். வழக்கறிஞர் பார்த்துச் சொன்ன குறையை அவரோடு பகிர்ந்துகொள்ளுங்கள். அது அவருக்கு அடுத்த வியாபாரத்தில் உதவும். உங்களுக்கு ஒத்துவராத சொத்தைத் தேடும் உறவினர் இருந்தால் அனுப்பி வையுங்கள்.

சோதித்துப் பார்க்கும் கேள்விகள்

தரகரின் தரத்தை அவர் பேச்சு காட்டாது, அவர் பதில்கள் காட்டும். ஒரு சொத்தைச் சொன்னவுடன் இந்தக் கேள்விகளைப் போடுங்கள்.

"அண்ணே, வங்கி எடுத்திருக்கறது குறியீட்டுச் சுவாதீனமா, நேரடிச் சுவாதீனமா?" இதற்கு விடை தெரியாதவர் அறிவிப்பையே படிக்கவில்லை.

"இப்ப உள்ளே யார் இருக்காங்க? கடன் வாங்கினவரா, வாடகைக்காரரா, போக்கியக்காரரா?"

"இது எத்தனையாவது ஏலம்? போன முறை விலை எவ்வளவு, ஏன் போகலை?"

"தீர்ப்பாயத்துலயோ சிவில் கோர்ட்டுலயோ வழக்கு இருக்கா?"

"வரி, கரண்ட் பாக்கி எவ்வளவு?"

தெரியாததைத் "தெரியாது, விசாரிச்சுச் சொல்றேன்" என்று சொல்பவரை விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் "ஒரு பிரச்சினையும் இல்லை சார், நான் பாத்துக்கறேன்" என்பவரிடம் டீ குடித்துவிட்டு எழுந்து வந்துவிடலாம். அவர் சொன்ன பதில்களையும் வங்கியின் அதிகாரியிடம் நேரில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். அறிவிப்பில் அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும், சொத்தைப் பார்வையிடும் நாளும் இருக்கும்.

கமிஷன் பேச்சு

வாங்குபவர் தரப்பில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் கமிஷன் என்பது பரவலான வழக்கம். வங்கி ஏலத்தில் வங்கி தரகருக்கு ஒன்றும் தராது என்பதால், அவர் கூலி முழுவதும் உங்களிடமிருந்து வர வேண்டும். இதை முதலிலேயே பேசிவிடுங்கள். எத்தனை சதவீதம், எந்தத் தொகையில், எப்போது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடலாம். வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாக அனுப்பி "சரி" என்று பதில் வாங்கினாலும் போதும்.

எப்போது என்பது முக்கியம். ஏலம் எடுத்த அன்றே கமிஷன் கேட்பார்கள். ஆனால் ஏலம் எடுப்பதோடு வேலை முடிவதில்லை. விற்பனைச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பாதி, வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் மீதி என்று வைத்துக்கொண்டால், சாவி வாங்கித் தரும்வரை தரகருக்கும் அக்கறை இருக்கும். சொன்ன நாளில் சொன்ன தொகையைக் கொடுத்துவிடுங்கள். கமிஷனில் கடைசி நேரம் பேரம் பேசுபவர் என்ற பெயர் ஒரு முறை வந்துவிட்டால் போகாது.

பணம் போகும் பாதை

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். குறைந்தபட்ச விலை 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்வைப்புத் தொகை வழக்கமாக 10 சதவீதம், அதாவது 2 லட்சம். இதை ஏலத்துக்கு முன்பே கட்ட வேண்டும். 22 லட்சத்துக்கு ஏலம் உங்களுக்கு விழுந்தால், அதில் 25 சதவீதம் 5.5 லட்சம். முன்பே கட்டிய 2 லட்சம் போக மீதி 3.5 லட்சத்தை அன்றோ அடுத்த வேலை நாளிலோ கட்டியாக வேண்டும். மிச்சமுள்ள 16.5 லட்சத்துக்கு, விற்பனை உறுதியானதிலிருந்து 15 நாள். வங்கி எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் அதிகபட்சம் மூன்று மாதம்வரை நீட்டலாம்.

கட்டத் தவறினால் முன்பணம் பறிபோகும். இது வெறும் மிரட்டல் வரி இல்லை. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன சென்ட்ரல் பேங்க் வழக்கு ஒன்றில், 12.27 கோடி ரூபாய்க்கு ஏலம் எடுத்தவரால் மீதியைக் கட்ட முடியவில்லை. அவர் கட்டியிருந்த 25 சதவீதம் முழுவதையும் வங்கி எடுத்துக்கொண்டது செல்லும் என்று 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "ஏலத்தை எடுங்க சார், லோன் நான் ஏற்பாடு பண்றேன்" என்று தரகர் சொன்னால் இந்த வழக்கை நினைத்துக்கொள்ளுங்கள். கடன் தேவையென்றால், எந்த வங்கி தரும், எத்தனை நாளில் தரும் என்பதை ஏலத்துக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள்.

இங்கேதான் கோடு போட வேண்டும். முன்வைப்புத் தொகை உங்கள் பெயரில், உங்கள் கணக்கிலிருந்து, அறிவிப்பில் சொன்ன கணக்குக்கு மட்டுமே போக வேண்டும். இணையதளத்தில் பதிவு உங்கள் பெயரில், உங்கள் கைபேசி எண்ணில் இருக்க வேண்டும். தரகர் பக்கத்தில் உட்கார்ந்து எப்படி ஏறுவது என்று சொல்லலாம். கடவுச்சொல்லும் ஓடிபியும் உங்களிடமே இருக்கட்டும். தரகர் கணக்குக்கு ஒரு ரூபாயும் 'அட்வான்ஸ்' என்று போகக் கூடாது.

பெண்ணாடம் பக்கத்துச் சிக்கல்கள்

ஊரைச் சுற்றிலும் கரும்பும் நெல்லும். விவசாய நிலத்தின் மீதான அடமானத்துக்கு சர்ஃபேசி சட்டம் பொருந்தாது. 31-ம் பிரிவு அதைத் தெளிவாக விலக்குகிறது. ஆகவே நஞ்சை, புஞ்சை என்று பட்டாவில் இருக்கும், பயிர் நடக்கும் நிலம் இந்தச் சட்டத்தில் ஏலத்துக்கு வந்தால் பிற்பாடு வழக்கு வர இடமிருக்கிறது. அதைத் தரகர் "அருமையான சான்ஸ்" என்று காட்டினால், வழக்கறிஞரைக் கேட்காமல் முன்வைப்புத் தொகை கட்டாதீர்கள்.

காலி மனை என்றால் அங்கீகாரத்தைப் பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவதற்குத் தமிழ்நாட்டில் தடை உண்டு. 2016 அக்டோபர் 20-க்கு முன் மனையாகப் பதிவானவற்றுக்கு விலக்கும், வரன்முறைப்படுத்தும் திட்டமும் வந்தன. உங்கள் மனை எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைப் பேரூராட்சியிலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். அந்த வட்டாரத்தில் சூளை, கொட்டகை, எந்திரங்களோடு சிறு தொழிற்கூடம் ஏலத்துக்கு வந்தால் வேறொரு கணக்கு. தொழிற்பேட்டை மனை சிட்கோ (மாநிலச் சிறுதொழில் வளர்ச்சிக் கழகம்) ஒதுக்கியது என்றால், பெயர் மாற்றச் சிட்கோவின் சம்மதம் வேண்டும். தொழிலாளர் வருங்கால வைப்புநிதிப் பாக்கி, இஎஸ்ஐ பாக்கி, மின்பாக்கி எல்லாம் இருக்கலாம். வீட்டு மனைத் தரகர் இதில் வழிகாட்ட முடியாது. அந்தத் தொழிலில் இருக்கும் ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்கூடத்துக்குக் கடன் கொடுத்தது 1949-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு தொழில் முதலீட்டுக் கழகம் என்றால், அது மாநில நிதிக் கழகங்கள் சட்டத்தின்படியும் விற்கலாம். அப்போது விதிகள் வேறு.

மின்பாக்கி எல்லாச் சொத்துக்கும் பொருந்தும் எச்சரிக்கை. அறிவிப்பில் 'எங்குள்ளதோ, எப்படியுள்ளதோ, அந்த அடிப்படையில்' என்று ஒரு வரி இருக்கும். 2023 மே மாதம், கேரள மின் வாரியம் தொடர்பான வழக்கில், மின் வாரிய விதிகள் இடம் தந்தால் பழைய உரிமையாளரின் பாக்கியை ஏலத்தில் எடுத்தவரிடம் கேட்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. பாக்கி எவ்வளவு என்று இணைப்பு எண்ணை வைத்து முன்கூட்டியே விசாரித்து, அதையும் விலையில் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ஏலத்துக்கு முன்பே ஒரு வழி

தரகரின் உறவு மிகவும் பயன்படும் இடம் ஒன்று உண்டு. விற்பனை அறிவிப்பு வருவதற்கு முன், 60 நாள் நோட்டீஸ் கட்டத்திலோ சுவாதீன நோட்டீஸ் கட்டத்திலோ, வீட்டுக்காரரே விற்க விரும்புவார். ஏலத்தில் போவதைவிட நல்ல விலை கிடைக்கும், கௌரவமும் மிஞ்சும். ஊர்த் தரகருக்கு இது முன்னாடியே தெரிந்துவிடும்.

இந்த வழியில் வாங்கும்போது மூன்று தரப்பும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். வங்கி நிலுவைத் தொகையை எழுத்தில் தர வேண்டும். அந்தத் தொகையை நீங்கள் நேராகக் கடன் கணக்கில் கட்ட வேண்டும். வங்கி மூலப் பத்திரங்களை விடுவித்து, அடமான ரத்து ரசீதைப் பதிவு செய்ய வேண்டும். மிச்சம் வீட்டுக்காரருக்குப் போகும். இதற்கும் காலக்கெடு உண்டு. 2016-ல் வந்த திருத்தத்தின்படி, கடனைக் கட்டிச் சொத்தை மீட்கும் உரிமை ஏல அறிவிப்பு வெளியானதோடு முடிகிறது என்று 2023 செப்டம்பரில் செலிர் நிறுவன வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. அறிவிப்பு வந்தபின் "வீட்டுக்காரரோட தனியா முடிச்சிடலாம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

யாரை விட்டு ஒதுங்குவது?

"மேனேஜர் நம்ம ஆளு, ரிசர்வ் விலைக்குக் கீழேயே முடிச்சுத் தரேன்" என்பவர். குறைந்தபட்ச விலை கிடைக்காதபோது விற்க வேண்டுமானால், கடனாளி, வங்கி இருவரின் சம்மதமும் வேண்டும் என்கிறது விதி. மேலாளர் ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை.

"நாலு பேர் பேசி வச்சிருக்கோம், நீங்க மட்டும் கேளுங்க, மத்தவங்க ஏற மாட்டாங்க" என்பவர். ஏலத்தில் கூட்டுச் சேர்வது தெரிந்தால் விற்பனையே ரத்தாகலாம், வழக்கும் வரலாம்.

"குடியிருக்கறவங்களை நான் ஆள் வச்சுக் கிளப்பறேன்" என்பவர். ஆளைச் சட்டப்படி வெளியேற்றும் வழி 14-ம் பிரிவு ஒன்றே. அடியாள் வைத்தால் வழக்கு உங்கள் பெயரில் வரும். தவிர, உள்ளே இருப்பது வீட்டை இழக்கும் ஒரு குடும்பம். ஏலத் தொகையில் கடனும் செலவும் போக மிச்சம் இருந்தால் அது அவர்களுக்கே சேரும் என்கிறது சட்டம். அதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லும் தரகர் இருந்தால், காலி செய்வது பல வேளையில் பேச்சிலேயே முடியும்.

ஏலம் எடுத்த பிறகு

முழுப் பணமும் கட்டியதும் விற்பனைச் சான்றிதழை வாங்குங்கள். அதைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டியதில்லை, சார்பதிவாளர் தன் புத்தகத்தில் கோத்துக்கொண்டாலே போதும் என்று உச்ச நீதிமன்றம் 2021-லும் அதன் பின்னும் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் பிற்காலத்தில் விற்கவும் கடன் வாங்கவும் தொல்லையில்லாமல் இருக்கப் பலரும் பதிவு செய்துகொள்கிறார்கள். முத்திரைத்தீர்வை எவ்வளவு என்பதைத் தரகரிடம் கேட்காமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் ஒரு சதவீத வருமான வரிப் பிடித்தம் உண்டு. அடுத்து பட்டா மாற்றம், சொத்துவரிப் பெயர் மாற்றம், மின் இணைப்புப் பெயர் மாற்றம். இந்த மூன்றிலும் கூட நடந்து உதவும் தரகர் கமிஷனுக்கு மேலாகவே உழைத்தவர். அவரை அடுத்த வாங்குதலுக்கும் கூப்பிடலாம்.

ஊர்த் தரகர் சொல்லும் தகவலுக்குக் கூலி கொடுங்கள். சொத்தின் விலையை வங்கியிடம் மட்டும் கட்டுங்கள். பத்திரத்தைச் சொந்த வழக்கறிஞர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை முன்வைப்புத் தொகை கட்டாதீர்கள்.